காரணம் எழுதும் கட்டம்

பதிவேட்டின் கடைசிக் கட்டம்:
முறையை நிறுத்தியதற்கான காரணம்.
சுண்டுவிரல் அகலம்தான்.
தலைச்சுற்று என்று எழுதலாம்,
கணவருக்கு விருப்பமில்லை என்று எழுதலாம்.
வெள்ளிக்கிழமை என்று எழுத முடியாது.

இறக்காமத்தில் எனக்கு இது பதினோராவது வருசம்.
காரைதீவிலிருந்து வருகிறேன்,
வாய்க்கால் ஓரமாக, ஸ்கூட்டியில்,
சீட்டுக்கடியில் குளிசை, அட்டைகள், மழைக்கோட்டு.
"எங்கட ஆக்களக் குறைக்கவா மிஸ் உங்கள அனுப்பினது?"
கேட்டவர் தேத்தண்ணி தந்துவிட்டுத்தான் கேட்டார்.
வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கோயில் வண்ணக்கர்,
"நம்மட சனம் அருகிப் போகுது புள்ள,
உந்த ஊசிய அங்கால கொண்டு போ" என்கிறார்.
போயா நாளில் பன்சலை ஒலிபெருக்கி.
எனக்குச் சிங்களம் விளங்கும்,
அங்கேயும் தலைதான் எண்ணுகிறார்கள்.
எண்ணுகிற எவருக்கும் இதுவரை
இடுப்பு நொந்ததாக என் பதிவேட்டில் இல்லை.

ஹபீலாவுக்கு ஐந்து.
ஐந்தாவதில் இரண்டு பை இரத்தம் ஏற்றினார்கள்,
அம்பாறை ஆஸ்பத்திரியில்.
பிறகு மூன்று மாசத்துக்கு ஒருக்கா
பிரஷர் பார்க்க வருவாள்.
பார்ப்பேன். நூற்றுப்பத்துக்கு எழுபது.
அதற்குப் பிறகு கதவைச் சாத்துவேன்.
வீட்டில், மாமி ஓதி எடுத்துவந்த தண்ணீரையும்
பிஸ்மி சொல்லிக் குடிப்பாள்.
"அல்லாஹ் இன்னும் நாடல்ல" என்பாராம் உவைஸ்.
இவள் தலையாட்டுவாளாம்.

போன மாசம், இரவு ஒன்பதரை,
தெரியாத நம்பர்.
"மிஸ், பள்ளி ஹஸ்ரத் கதைக்கிறன்.
ஊசிய நிப்பாட்டினா பொறகு புள்ள தங்குமா?
ஒரு ஆளுக்காகக் கேக்கிறன்."
தங்கும், கொஞ்சம் சுணங்கும், என்றேன்.
அவருக்குப் பின்னால் ஒரு குழந்தை அழுதது,
அதை அதட்டி இன்னொன்று,
இரண்டுக்கும் நடுவில் ஒரு பெண்ணின் இருமல்.
யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

அடுத்த ஜும்ஆ, வயல் வரைக்கும் கேட்டது:
இரண்டு வருசம் முழுசாகப் பாலூட்டச் சொல்லியிருக்கிறது,
தாயின் உடம்பும் அமானிதம்,
ஒரு சுமையை இறக்க முன் மற்றதை ஏற்றாதீர்கள்.
அவ்வளவுதான்.
ஊசி என்றோ குளிசை என்றோ
அவர் வாயில் வரவேயில்லை.

செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் வாங்கு போதவில்லை.
"ஹஸ்ரத் செல்லிட்டாரு மிஸ்."
இதையேதான் பதினொரு வருசமாக நான்
குசினி குசினியாகக் குந்தியிருந்து
புகைக்குள் கண்ணைக் கசக்கிக்கொண்டு சொன்னேன்.
சந்தோசம்தான். இல்லையென்று சொல்லவில்லை.
ஆனால் அன்று ஒன்றிரண்டு ஊசியைக்
கொஞ்சம் அழுத்திப் போட்டேனோ தெரியாது.

மோட்டார் சைக்கிளில் உவைஸும் வந்தார்,
பின்னால் ஹபீலா.
"இவக்கு ஒண்டும் தெரியா,
முதல்லேருந்து விளக்குங்க மிஸ்."
விளக்கினேன்.
படமும் காட்டினேன்.
அவள் படத்தை அப்படிப் பார்த்தாள்,
பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி.
"நோகுமா?"
பதின்மூன்றாவது ஊசிக்குக் கையை நீட்டிக்கொண்டு கேட்டாள்.
எறும்பு கடிச்ச மாதிரி, என்றேன்.
மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள்.

புது அட்டை. முதல் வருகை என்று எழுதினேன்.
யாரும் கேட்காமலே
உவைஸ் கீழே கையெழுத்தும் வைத்தார்.

அவர் வண்டியைத் திருப்பப் போன நேரம்
செருப்பு மாட்டுகிற சாட்டில் குனிந்து சொன்னாள்:
"பழைய அட்டையக் கிழிச்சிராதீங்க மிஸ்.
ஹஸ்ரத்ட கொந்தராத்து
நோன்போட முடியிது."